பத்ருக்குப் போகாதவருக்குக் கிடைத்த பங்கு

ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டு ரமலான் மாதம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் முந்நூற்றுச் சொச்சம் தோழர்களும் மதீனாவிலிருந்து பத்ரை நோக்கிப் புறப்படுகிறார்கள். போக விருப்பமும் வசதியும் உள்ள ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் ஊரிலேயே இருக்கும்படி பணிக்கப்படுகிறார்கள். அவர்களுடைய துணைவியாரும் பெருமானாரின் அருமை மகளாருமான ருகையா (ரலி) அவர்கள் நோயுற்றுப் படுத்திருந்ததே காரணம். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஒருவர் தேவைப்பட்டார். போரில் கிடைத்த வெற்றியின் செய்தி மதீனாவை எட்டிய வேளையில் ருகையா (ரலி) அவர்களின் கப்ரில் மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள்.

நாம் இங்கு எடுத்துக்கொள்ள விரும்புவது அதற்கடுத்த செய்தியை. பத்ரில் கலந்துகொண்ட ஒருவருக்கு என்ன நன்மை உண்டோ அதுவும், என்ன பங்கு உண்டோ அதுவும் உஸ்மானுக்கு உண்டு என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. நன்மை என்பது மறுமைக்குரியது. பங்கு என்பது போரில் கிடைத்த பொருளில், கையில் எண்ணிக் கொடுக்கப்படும் பங்கு. "நீ நோயாளியைப் பார்த்துக்கொள், உனக்கு அல்லாஹ்விடத்தில் கூலி உண்டு" என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் இருந்து பணிவிடை செய்தவர், வெளியே சென்று பொருள் ஈட்டியவர்களோடு ஒரே வரிசையில் வைத்துக் கணக்கிடப்பட்டார். பத்ரு சஹாபாக்களின் பட்டியலிலும் அன்னாரின் பெயர் சேர்க்கப்பட்டுள்ளது.

நம் குடும்பங்களில் இன்று எழும் பல தகராறுகளுக்கு விடை இந்த ஒரு சம்பவத்திற்குள் இருக்கிறது என்பது நம் கருத்து.

சென்னைக்கு மேற்கே உள்ள நம் பகுதியை எடுத்துக்கொள்வோம். 1961-ல் ஆவடியில் 'டேங்க் ஃபேக்டரி' என்று நாம் அழைக்கும் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. தென்மாவட்டங்களிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் நம் மக்கள் பிழைப்பு தேடி வந்து அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் குடியேறினார்கள். அந்த முதல் தலைமுறைக்கு இன்று எழுபது, எண்பது வயது. அவர்களின் மக்கள் ஷிப்டில் இருக்கிறார்கள். பேத்திகள் எஸ்டேட்டில் உள்ள எக்ஸ்போர்ட் கம்பெனிகளிலும் அலுவலகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் வேலை செய்கிறார்கள். பூந்தமல்லி சாலையில் விடிவதற்கு முன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் பெண்களில் நம் வீட்டுப் பெண்களும் இருக்கிறார்கள். பெண் வேலைக்குப் போகலாமா, என்ன நிபந்தனைகளுடன் போகலாம் என்பதெல்லாம் தனி பாடம், பலமுறை எழுதப்பட்டதும்கூட. போய்க்கொண்டிருக்கிறாள் என்பது நம் கண்முன் உள்ள நிலை. அவளுக்குப் பின்னால் வீட்டில் ஒரு கைக்குழந்தையோ, படுத்த படுக்கையாய் ஒரு பெரியவரோ இருக்கிறார் என்பதும் நம் கண்முன் உள்ள நிலையே.

மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. 2019-ல், கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆண் 97 நிமிடமும் செலவிட்டதாக அதில் கண்டார்கள். 2024-ல் அது பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. பெண்ணின் சுமையில் பத்து நிமிடம் குறைந்திருக்கிறதே என்று மகிழ்வதற்கில்லை. ஆண் அதைத் தோளில் வாங்கியிருந்தால் அவன் கணக்கு கூடியிருக்க வேண்டும்; அதுவும் ஒன்பது நிமிடம் குறைந்துதான் இருக்கிறது.

யார் மீது கடமை?

ஜமாஅத்துக்கு வரும் வழக்குகளில் நாம் அடிக்கடி காணும் மாதிரி ஒன்றைச் சொல்கிறோம். எந்த ஒரு குடும்பத்தையும் குறித்துச் சொல்லவில்லை. மூன்று அண்ணன் தம்பிகள். தாயார் பக்கவாதத்தில் விழுந்துவிட்டார். நடுப்பிள்ளையின் மனைவி எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலையில் இருந்தாள். "சம்பளம் பெரிதா, மாமியார் பெரிதா" என்று நாலு பேர் கேட்டதும் வேலையை விட்டாள். ஆறு வருடம் மாமியாரைப் புரட்டிப் படுக்கவைத்து, படுக்கைப் புண் வராமல் துடைத்து, குழாய் வழியே கஞ்சி ஊற்றிப் பார்த்துக்கொண்டாள். தாயார் வபாத்தான நாற்பதாம் நாள் வீட்டை விற்றுப் பங்கு பிரித்தார்கள். மகன்களுக்குப் பங்கு, மகளுக்குப் பங்கு. மருமகளுக்கு? ஷரீஅத்தில் மருமகள் வாரிசு இல்லை. அது சரியான சட்டமே. ஆனால் அவள் இழந்த ஆறு வருடச் சம்பளத்தைப் பற்றி அந்தக் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள் வந்து நம்மிடம் கேட்டது பணம் அல்ல: "அஜரத், நான் செய்தது என்ன கணக்கில் சேரும்?"

அந்தக் கேள்விக்கு ஷரீஅத்தின் முறைப்படி பதில் சொல்ல வேண்டுமானால், முதலில் பணிவிடை யார் மீது கடமை என்று பார்க்க வேண்டும். திருமறையின் 17-ஆம் அத்தியாயம் 23, 24-ஆம் வசனங்களில் பெற்றோர் முதுமையடையும்போது அவர்களைக் கடிந்துகொள்ளாமல் பணிவுடன் நடக்கும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான். இக்கட்டளை பிள்ளைகளுக்கு. மகனுக்கும் உரியது, மகளுக்கும் உரியது. வறுமையில் இருக்கும் பெற்றோரின் செலவு மகன் மீதும் மகள் மீதும் சரிசமமாக வரும் என்பதே ஹனபி மத்ஹபின் வலுவான சொல் என்று ஹிதாயாவில் காணப்படுகிறது. வாரிசுரிமையில் மகனுக்கு இரண்டு மடங்கு. பெற்றோரின் பராமரிப்பிலோ இருவரும் சமம். பெற்றோருக்குப் பணியாளர் அவசியமானால் அந்தக் கூலியும் இந்தச் செலவில் சேர்ந்ததே.

மருமகள் இந்தப் பட்டியலில் இல்லை. தன் கணவனின் இல்லத்தில் ஒரு மனைவியின் வேலை எதுவரை என்பதில் நம் இமாம்களுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாபிஈ மத்ஹபில் சமைப்பதுகூட அவள் மீது சட்டப்படி கடமையில்லை. ஹனபி மத்ஹபில் வழக்கமான வீட்டு வேலை தீன் முறையில் அவள் பொறுப்பு. ஆனால் கணவனுடைய தாய்க்கும் தந்தைக்கும் ஊழியம் செய்வது அவள் மீது கடமை என்று இரு மத்ஹபிலும் இல்லை. அவள் செய்தால் அது இஹ்ஸான், பேருபகாரம். இதைப் படித்த எந்த மருமகளும் நாளைக் காலை முதல் மாமியாருக்குக் கஞ்சி கிடையாது என்று கிளம்பிவிட வேண்டாம்! இஹ்ஸானை விட்டுவிடச் சொல்லவில்லை. செய்யப்படுவது இஹ்ஸான் என்பதை மகன்மார்கள் உணர வேண்டும் என்கிறோம். தன் கடமையைப் பிறர் தலையில் வைத்துவிட்டு, அவள் முகம் சற்றுச் சுருங்கினால் "உனக்கு ஆகிரத் பயம் இல்லையா" என்று கேட்பவன், முதலில் தன்னைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரையே பிள்ளைகள் என்று குறிப்பிடுகிறது. மருமகள் அதிலும் இல்லை. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கொடுக்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிட அச்சட்டத்தில் இடமுண்டு. பெற்ற பிள்ளைகள் மீது வழக்குப் போடும் நிலைக்கு நம் பெரியவர்கள் வரக்கூடாது என்பதே நம் துஆ. ஆயினும் நாட்டின் சட்டமும் நம் பிக்ஹும் இந்த இடத்தில் ஒரே திசையைக் காட்டுகின்றன என்பதைச் சொல்லி வைக்கிறோம்.

பெண்ணின் சொந்தப் பெற்றோர் விஷயம் இதற்கு மறுபக்கம். "கட்டிக்கொடுத்தாகிவிட்டது, இனி அவள் அந்த வீட்டுப் பெண்" என்பது நம் நாட்டுப் பழக்கம். மார்க்கச் சட்டம் அல்ல. தந்தை எழுந்து நடமாட முடியாத நோயாளி, அவருக்குப் பணிவிடை செய்ய வேறு ஆள் இல்லை, கணவனோ போகக்கூடாது என்கிறான் என்றால், அவள் கணவனின் சொல்லை மீறித் தந்தையிடம் செல்ல வேண்டும் என்று இமாம் இப்னுல் ஹுமாம் (ரஹ்) ஃபத்ஹுல் கதீரில் எழுதுகிறார்கள். அந்தத் தந்தை முஸ்லிமாக இல்லாவிட்டாலும் சட்டம் இதுதான் என்றும் சேர்த்து எழுதுகிறார்கள். கணவனுக்குக் கீழ்ப்படிதலை இவ்வளவு வலியுறுத்தும் நம் நூல்களே இந்த இடத்தில் வாசலைத் திறந்து வைத்திருக்கின்றன. ஆவடியில் மகளும் மேலப்பாளையத்தில் தந்தையும் இருக்கும் இக்காலத்தில் இந்த மஸ்அலா பல வீடுகளுக்குத் தேவைப்படும்.

இன்னொன்று. தந்தைக்கு ஃபேக்டரி பென்ஷன் வருகிறது என்றால் அவருடைய மருந்துக்கும் பணியாளுக்கும் ஆகும் செலவு முதலில் அவருடைய பணத்திலிருந்தே செய்யப்பட வேண்டும். சொத்துள்ள பெற்றோரின் செலவு பிள்ளைகள் மீது வருவதில்லை. நடைமுறையில் என்ன பார்க்கிறோம்? பென்ஷன் ஒரு மகனுடைய வீட்டுக் கடனுக்குப் போகிறது. பெரியவரின் துணி துவைப்பது இன்னொரு மகனின் மனைவி. பெரியவர் வாய் திறந்து சொல்வதில்லை. சொன்னால் கஞ்சியும் நின்றுவிடுமோ என்ற பயம்.

மத்யன் ஊரின் இரு பெண்கள்

சூரா கஸஸில் (28: 23-27) மூஸா (அலை) அவர்கள் மத்யன் நீர்த்துறைக்கு வந்த சம்பவம் சொல்லப்படுகிறது. ஆண் மேய்ப்பர்கள் கூட்டமாகத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்க, இரு பெண்கள் தங்கள் ஆடுகளைத் தடுத்து ஒதுங்கி நிற்கிறார்கள். விசாரித்தபோது, தங்கள் தந்தை மிகவும் முதிர்ந்தவர் என்கிறார்கள். அவர்கள் வெளியே வந்து வேலை செய்ய நேர்ந்த காரணமும் அதுதான். வீட்டில் அவர்களுக்கு இருந்த பொறுப்பும் அதுதான். சம்பாத்தியமும் பணிவிடையும் ஒரே ஆளின் தலையில் விழுந்த கஷ்டத்தைத் திருமறை சில சொற்களில் காட்டிவிடுகிறது. (அந்தப் பெரியவர் ஷுஐப் நபிதானா என்பதில் முஃபஸ்ஸிர்கள் பலவாறு சொல்கிறார்கள். நம் பாடத்திற்கு அது தேவையில்லை.)

தீர்வும் அங்கேயே இருக்கிறது. அப்பெண்களில் ஒருத்தியே தந்தையிடம் யோசனை சொல்கிறாள்: இவரைக் கூலிக்கு அமர்த்திக்கொள்ளுங்கள், வலிமையும் நம்பிக்கையும் உள்ளவர். தந்தை அதை ஏற்று, எட்டு வருடம் என்று காலம் பேசி, பத்தாக்கினால் அது உம் விருப்பம் என்று தெளிவாக ஒப்பந்தம் செய்கிறார். யோசனை சொன்னவள் மகள். வீட்டுச் சுமை எவ்வளவு என்று சுமப்பவளுக்குத்தான் தெரியும் என்பதால் அவள் சொல் கேட்கப்பட்டது. கூலிக்கு ஆள் வைப்பதை அந்தக் குடும்பம் மானக்கேடாக நினைக்கவுமில்லை.

நம் வீடுகளில் ஹோம் நர்ஸ் வைக்கலாம் என்று பேச்செடுத்தால், "பெற்றவளைக் கூலிக்காரியிடம் விடுவதா, ஊர் என்ன சொல்லும்" என்கிறார்கள். அப்படிச் சொல்பவர் பெரும்பாலும் இரவில் ஒருமுறைகூட எழுந்து அந்தத் தாயைத் திருப்பிப் படுக்கவைத்தவராக இருப்பதில்லை. பகலில் எட்டு மணி நேரம் ஆள் வைத்து, இரவில் பிள்ளைகள் முறை வைத்துப் பார்த்துக்கொண்டால் மருமகளின் வேலையும் நிற்காது, தாயும் தனித்து விடப்பட மாட்டார். தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கையில் உள்ள நோயாளிகளின் வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் அளிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். கேட்டு வாங்குவது இழிவல்ல.

வயதுக்கு வயது மாறும் சுமை

பணிவிடை ஒரே அளவில் இருப்பதில்லை. இருபத்தைந்து வயதில் குழந்தை, நாற்பத்தைந்தில் பெற்றோர், அறுபதில் கணவர், அதற்குப் பின் அவளே படுக்கையில். ஒவ்வொரு கட்டத்திலும் வேலையை விடுவது பெரும்பாலும் அவள். விடும்போது அன்றைய சம்பளம் மட்டும் போகிறது என்று நினைக்கிறோம். முதுமைக்கு வைத்திருந்த கைப்பிடியும் சேர்ந்து போகிறது.

முதல் கட்டத்தைப் பார்ப்போம். பால்குடியின் முழுக் காலம் இரண்டு வருடம் என்று சூரா பகராவின் 233-ஆம் வசனம் சொல்கிறது. அதற்கு முன் நிறுத்துவதானால் தாயும் தந்தையும் கலந்து ஆலோசித்து, இருவரும் பொருந்தி முடிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. ஒரு குழந்தைக்குப் பால் நிறுத்துவதற்கே இருவரின் மஷூராவை அல்லாஹ் விதித்திருக்கிறான் என்றால், ஒரு தாய் வேலையை விடுவதும் தொடர்வதும் கணவனோ மாமியாரோ தனியே தீர்ப்பு எழுதும் விஷயம் ஆகுமா? இன்னும் ஒரு படி மேலே, தலாக் ஆன பின் குழந்தைக்குப் பாலூட்டும் தாய்க்கு அதற்குரிய கூலியைத் தந்தை கொடுக்க வேண்டும் என்று சூரா தலாக்கின் 6-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. பெற்ற தாய், தன் சொந்தக் குழந்தைக்கு, தன் மார்பிலிருந்து கொடுக்கும் பால்! அதற்கும் கூலி என்ற சொல்லைத் திருமறை பயன்படுத்தத் தயங்கவில்லை. அன்பினால் செய்யும் வேலைக்கு விலை பேசலாமா என்று கேட்பவர்கள் இந்த வசனத்தின் முன் சற்று நிற்க வேண்டும்.

சட்டத்தில் உள்ள வசதிகளை நம் பெண்கள் அறிந்து வைத்திருப்பது நல்லது. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு பயன் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டு, முதல் இரு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரமும், அதற்கு மேல் 12 வாரமும் விடுப்பு என்று ஆனது. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றும் வந்தது. மத்திய அரசுப் பெண் ஊழியருக்குப் பணிக்காலம் முழுவதிலுமாக 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. தனியார் வேலையில் வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள என்று சட்டப்படியான தனி விடுப்பு கிடையாது. ஆகவே நாற்பத்தைந்து வயதில் வரும் சுமைக்குக் குடும்பமே ஏற்பாடு செய்துகொண்டாக வேண்டும்.

பி.எஃப். பற்றி ஒரு வார்த்தை. (அதில் சேரும் வட்டியின் மஸ்அலாவை இங்கு எடுக்கவில்லை, அது தனியே விரிவாக எழுத வேண்டியது.) 1995-ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின்படி மாத ஓய்வூதியம் பெற மொத்தம் பத்து வருடச் சேவை வேண்டும். நம் பெண்கள் நாலு வருடம் வேலை செய்கிறார்கள்; குழந்தை பிறந்ததும் விடுகிறார்கள்; அவசரச் செலவுக்கென்று ஓய்வூதியக் கணக்கையும் முடித்துப் பணம் வாங்கிவிடுகிறார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் மறுபடி ஏழு வருடம் வேலை செய்கிறார்கள். கூட்டினால் பதினொன்று. ஆனால் முதல் நாலு வருடம் பணம் வாங்கிய அன்றே அழிந்துபோயிற்று. அப்படி வாங்காமல் 'ஸ்கீம் சர்டிபிகேட்' பெற்று வைத்திருந்தால், அல்லது பழைய கணக்கைப் புதிய வேலையோடு இணைத்திருந்தால், இரண்டும் கூடியிருக்கும். விதவையாகி, மகன் கையை எதிர்பார்த்து நிற்கும் எத்தனையோ தாய்மார்களுக்கு இந்தச் சிறு விவரத்தை உரிய காலத்தில் சொல்ல ஆள் இருந்ததில்லை.

மனைவி சம்பாதிப்பது அவளுடையது. ஆண்கள் ஈட்டியதில் அவர்களுக்குப் பங்கு, பெண்கள் ஈட்டியதில் அவர்களுக்குப் பங்கு என்ற பொருள்பட சூரா நிஸாவின் 32-ஆம் வசனம் அமைந்துள்ளது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) அவர்கள், வறியவரான தம் கணவருக்கும் தம் பொறுப்பிலுள்ள அநாதைக் குழந்தைகளுக்கும் செலவிடுவது தர்மத்தில் சேருமா என்று கேட்டபோது, உறவைப் பேணிய நன்மை, தர்மத்தின் நன்மை என இரட்டைக் கூலி உண்டு என்று பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். கணவனுக்குக் கொடுப்பது அவள் மீது கடமையாக இருந்திருந்தால் அதைத் தர்மம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகவே, "நீயும் சம்பாதிக்கிறாய், வீட்டுச் செலவில் பாதி உன்னுடையது, சமையலும் பணிவிடையும் முழுக்க உன்னுடையது" என்ற கணக்கு எந்தக் கிதாபிலும் இல்லை. செலவில் அவள் தோள் கொடுத்தால், வீட்டு வேலையில் அவன் தோள் கொடுக்க வேண்டும்.

நிகாஹ் பேசும்போதே வெளிப்படையாக இருப்பதும் இதில் சேர்ந்ததுதான். ஜாபிர் (ரலி) அவர்களின் தந்தை உஹதில் ஷஹீதானபோது பல சகோதரிகளை ஜாபிரின் பொறுப்பில் விட்டுச் சென்றார்கள். வாலிபரான ஜாபிர், முன்னரே மணமான ஒரு பெண்ணை மணந்தார்கள். கன்னிப் பெண்ணை மணந்திருக்கலாமே என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கேட்க, தம் சகோதரிகளுக்குத் தலை வாரி, அவர்களைப் பார்த்துக்கொள்ளப் பக்குவமானவர் தேவைப்பட்டார் என்று காரணத்தைச் சொன்னார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அதை ஆமோதித்தார்கள். ஜாபிர் தம் வீட்டின் நிலையை மறைக்கவில்லை. நாமோ பெண் பார்க்கப் போகும்போது படுக்கையில் உள்ள பாட்டியை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, மறுவீடு முடிந்த பிறகு திறக்கிறோம்.

என்ன செய்யலாம்?

இப்போது அந்த மருமகளின் கேள்விக்குத் திரும்புவோம். அவள் வாரிசல்ல. ஆனால் வாரிசல்லாதவருக்கு வஸிய்யத் செய்யலாம். மொத்தச் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல். ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் ஹதீஸில் இந்த எல்லை வகுக்கப்பட்டுள்ளது. தனக்கு ஆறு வருடம் பணிவிடை செய்த மருமகளுக்கு ஒரு மாமியார், நல்ல நினைவோடு இருக்கும்போது, இரு சாட்சிகளை வைத்துத் தன் சொத்தில் பத்தில் ஒரு பங்கையோ எட்டில் ஒரு பங்கையோ வஸிய்யத்தாக எழுதலாம். மகன்களின் சம்மதம் அதற்குத் தேவையில்லை. வஸிய்யத்தை நிறைவேற்றிய பிறகுதான் பாகப்பிரிவினை. இந்த வாசலை ஷரீஅத் திறந்து வைத்திருந்தும் நம் வீடுகளில் அதன் வழியே போவோர் அரிது.

மாமியாருக்கு நினைவு தப்பிவிட்டது என்றால்? அப்போது பிள்ளைகள் உட்கார்ந்து பேச வேண்டும். ஓர் ஆள் வைத்திருந்தால் மாதம் என்ன ஆகும் என்று ஏஜென்சியில் விசாரியுங்கள். அதைப் பிள்ளைகள் பங்கிட்டு அவளுக்குக் கொடுங்கள். அவள் மீது கடமையில்லாத வேலை என்பதால் அதற்குக் கூலி பேசுவது தாராளமாகக் கூடும். ஆனால் முன்கூட்டிப் பேசப்பட வேண்டும். பேசாமல் செய்த வேலைக்குப் பின்னால் கூலி கேட்டு வழக்காடச் சட்டத்தில் பிடி கிடைப்பது அரிது. பெருந்தன்மையை எதிர்பார்ப்பதாகவே முடியும்.

மகளே பார்த்துக்கொண்டாள் என்றால் சட்டம் சற்று மாறுகிறது. அவள் வாரிசு, மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் வாரிசுக்கு வஸிய்யத் செல்லாது. பெற்றோருக்குச் செய்யும் ஊழியம் பிள்ளைமீது கடமை என்பதால் அதற்குத் தந்தையிடம் கூலி பேசுவதை ஹனபி நூல்கள் ஏற்பதில்லை. ஆயினும் மற்றப் பிள்ளைகள் தங்கள் தோளில் இருந்த பங்கை அவள் சுமந்ததற்கு ஈடாக மாதந்தோறும் ஒரு தொகை கொடுப்பதற்கு எந்தத் தடையுமில்லை. துபாயில் இருக்கும் அண்ணன் ஈத் பெருநாளுக்குச் சேலை வாங்கி அனுப்புவது இந்தக் கணக்கில் சேராது. தந்தை தம் வாழ்நாளில் அவளுக்கு ஹிபாவாகக் கொடுப்பதானால், பிள்ளைகளிடையே நீதி பேணும்படி வந்துள்ள நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் ஹதீஸை நினைவில் வைத்து, காரணத்தைப் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லி, பிறரைக் கெடுக்கும் நோக்கமின்றிச் செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் ஒரு பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களிடமிருந்தும் அறிவிக்கப்பட்டுள்ளது.

சவூதியில் பல வருடம் வேலை செய்த ஒருவருக்கும் அவர் மனைவிக்கும் நடந்த ஒரு சொத்து வழக்கில் 2023 ஜூன் மாதம் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனைவி வீட்டையும் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டதால்தான் கணவன் வெளியே சென்று சம்பாதிக்க முடிந்தது. ஆகவே அவ்வாறு வாங்கிய சொத்தில் அவளுக்குச் சம உரிமை உண்டு என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அதில் கூறினார். அது முஸ்லிம் குடும்பத்தின் வழக்கல்ல. நம் சொத்துச் சட்டமும் வேறு. கணவன் பெயரில் வாங்கியது கணவனுடையது என்பதே நம் பிக்ஹின் பொது விதி. எனினும், ஹிஜ்ரி பத்தாம் நூற்றாண்டில் மொரோக்கோ நாட்டின் மாலிக்கீ அறிஞர் இப்னு அர்ளூன், வயலில் உடன் உழைத்த மனைவிக்கு விளைச்சலில் பங்கு உண்டு என்று ஃபத்வா கொடுத்தார். உழைப்பின் பங்கு வேறு, வாரிசுப் பங்கு வேறு என்று பிரித்துப் பார்த்தவர்கள் நம் உலமாக்களிலும் உண்டு. வளைகுடாவில் இருக்கும் சகோதரர்கள் நீதிமன்றத்தையோ ஃபத்வாவையோ எதிர்பார்க்காமல், வீடு வாங்கும்போதே பத்திரத்தில் மனைவியின் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுக்கலாம். உயிரோடு இருக்கும்போது அதைத் தடுப்பவர் யாரும் இல்லை.

பணத்தால் தீராத பகுதியும் இருக்கிறது: உடலால் செய்வது. பெருமானார் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து செல்வார்கள் என்று விடையளித்தார்கள். ஒரு சமுதாயத்தின் தலைவர், தூதர், நீதிபதி, படைத்தலைவர், ஆகிய அனைத்துமாக இருந்தவருக்கு வீட்டு வேலைக்கு நேரம் இருந்தது. இரவு ஷிப்ட் முடித்து வரும் மகன் காலையில் ஒரு மணி நேரம் தாயாருக்கு முகம் கழுவிவிட்டு, மாத்திரை கொடுத்துவிட்டுத் தூங்கலாம். தாயைச் சுத்தம் செய்வது மகனால் ஆகாது, பெண்தான் வேண்டும் என்பது உண்மையே. தந்தையைச் சுத்தம் செய்ய என்ன தடை? அங்கும் மருமகளைத்தானே அனுப்புகிறோம்! மாமனாரின் உடம்பைத் துடைப்பதில் அவளுக்குள்ள கூச்சத்தையும், அதில் உள்ள ஷரீஅத்தின் எல்லையையும் மறந்துவிடுகிறோம்.

"தொழுகை ஜமாஅத் தவறிவிடுமே" என்று சில நல்ல பிள்ளைகள் நம்மிடம் கேட்பதுண்டு. பத்ரு சஹாபியான ஸயீத் இப்னு ஸைத் (ரலி) அவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை நோயுற்றிருக்கும் செய்தி இப்னு உமர் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டது. பகல் ஏறிவிட்டிருந்தது, ஜும்ஆ நெருங்கிக்கொண்டிருந்தது. இப்னு உமர் (ரலி) அவர்கள் வாகனத்தில் ஏறி அந்த நோயாளியிடம் சென்றார்கள், ஜும்ஆவை விட்டுவிட்டார்கள். இதுவும் புகாரியில் உள்ளது. நோயாளியைத் தனியே விட முடியாத நிலை, மாற்றி அமர்த்த ஆளில்லாத நிலை ஆகியவற்றை நம் பிக்ஹு நூல்கள் ஜமாஅத்தையும் ஜும்ஆவையும் விடுவதற்குரிய காரணங்களில் சேர்த்திருக்கின்றன. அப்படிப்பட்டவர் அன்று லுஹர் நான்கு ரக்அத்தை வீட்டிலேயே, தந்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் தொழுதுகொள்வார்.